மரவாலையில் வடித்த ரம்: 61.4 சதவீதத்தைச் சுவைப்பது எப்படி?

2016இல் கயானாவின் டெமரேரா டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் தன் எல் டொராடோ வரிசையில் ‘ரேர் கலெக்‌ஷன்’ என்று மூன்று ரம்களை வெளியிட்டது. வழக்கம்போலத் தண்ணீர் கலந்து 40 சதவீதத்துக்கு இறக்காமல், அதிக வீரியத்திலேயே பாட்டிலுக்கு வந்தவை அவை. அவற்றில் ஒன்றின் அடையாளம் பிஎம். வடித்தது 1999இல். ஆல்கஹால் 61.4 சதவீதம்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரம் 40 சதவீதம், இந்திய ரம் 42.8. ஆகவே 61.4ஐப் பார்த்ததும் ஒருசாரார் தொண்டை வெந்துவிடும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு ராவாக ஒரே மடக்கில் இறக்குகிறார்கள். இரண்டு பேருக்கும் அந்த ரம்மின் ருசி தெரியப்போவதில்லை. என்னைக் கேட்டால், உப்பைக் குறைத்துப் போட்டு, பக்கத்திலேயே உப்பு ஜாடியையும் வைத்துவிட்டுப் போன சமையல் மாதிரிதான் இது. தண்ணீர் எவ்வளவு, எப்போது என்கிற கடைசி முடிவை ஆலை நம்மிடம் விட்டிருக்கிறது. அந்த முடிவைச் சரியாக எடுக்க வேண்டுமானால், கிளாஸுக்குள் வந்திருப்பது எது, எப்படி அப்படி ஆனது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

போர்ட் மோரன்ட்

பிஎம் என்பது போர்ட் மோரன்ட். கயானாவின் கிழக்கே, பெர்பீஸ் பகுதியில், கோரன்டைன் கடலோரத்துக் கரும்புத் தோட்ட ஊர். பீப்பாய்களில் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிவதற்காக இரண்டு மூன்று எழுத்துகளைப் பொறிப்பது பழைய வழக்கம். அதை ‘மார்க்’ என்பார்கள். தோட்டங்களின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகும் மார்க்குகள் மட்டும் ரம் வியாபாரத்தில் உயிரோடு இருக்கின்றன. அதே 2016 வரிசையில் வந்த இன்னொரு ரம்மின் மார்க் இஎச்பி. என்மோர் தோட்டத்தின் பழைய முதலாளி எட்வர்ட் ஹென்றி போர்ட்டரின் பெயர்ச் சுருக்கம் அது.

தமிழ் வாசகர்கள் இந்த ஊரில் ஒரு நிமிடம் நின்று போகலாம். 1838 முதல் 1917 வரை பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் சுமார் 2,39,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சுமார் 15,000 பேர்தான். ‘மதராசி’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் கொண்டுபோன அம்மன் வழிபாடு, காளிமாய் பூஜை என்ற பெயரில் இன்றும் பெர்பீஸில் வலுவாக இருக்கிறது. அங்கே மதுரை வீரனுக்கும் முனீஸ்வரனுக்கும் சிகரெட்டோடு ரம் படைக்கிறார்கள். ஊரில் சாராயமும் சுருட்டும் வாங்கிக்கொண்ட சாமி, போன இடத்தில் விளைந்ததை ஏற்றுக்கொண்டது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் நான்கு பேருமே போர்ட் மோரன்ட்காரர்கள். சரி, ரம்முக்கு வருவோம்.

இந்த ரம்மின் குணத்துக்கு முதல் காரணம் அதன் வாலை, அதாவது சரக்கைக் காய்ச்சி வடிக்கும் கலம். மற்ற இடங்களில் ரம் வாலை என்றால் செம்பு, இல்லாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு. போர்ட் மோரன்ட் வாலை மரத்தால் ஆனது. கயானாக் காடுகளில் வளரும் கிரீன்ஹார்ட் என்ற வைரம் பாய்ந்த மரத்தின் பலகைகளை வளையம் போட்டு இறுக்கிச் செய்த இரண்டு பெரிய தொட்டிகள். மரத்துக்கு அடியில் தீ மூட்ட முடியாது என்பதால், நீராவியை உள்ளே விட்டுப் புளித்த மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு) கரைசலைக் கொதிக்க வைக்கிறார்கள். முதல் தொட்டியில் எழும் ஆவி குழாய் வழியே இரண்டாவது தொட்டிக்குள் இறங்குகிறது. அங்கே இருப்பதையும் சூடேற்றி, இன்னும் வீரியம் ஏறி, மேலே போய்க் குளிர்கிறது. ஒரே ஓட்டத்தில் இரண்டு தடவை வடித்த மாதிரி.

செம்பு, ஆவியில் உள்ள கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு வாலைச் சரக்கு சுத்தமாகவும் இலேசாகவும் வர அது ஒரு காரணம். மரவாலையில் ஆவிக்குச் செம்போடு உள்ள உறவு குறைவு. கனமான, எண்ணெய்ப்பசையுள்ள சேர்மங்கள் நிறையவே தப்பித்து வந்துவிடுகின்றன. மரத்தின் நுண்துளைகளில் தலைமுறை தலைமுறையாக ஊறிக் கிடப்பதும் சரக்கில் சேர்கிறது என்று ஆலைக்காரர்கள் நம்புகிறார்கள். இந்த வாலையின் வயதாக அவர்கள் சொல்லும் ஆண்டு 1732. பலகைகள் உளுத்துப்போகப் போகப் புதுசாக மாற்றிக்கொண்டே வந்திருப்பதால், அந்த ஆண்டுப் பலகை ஒன்றாவது இன்று மிஞ்சியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வடிவம் அதே, வேலை செய்யும் முறையும் அதே.

வாலை ஒரே இடத்தில் நின்றதும் இல்லை. போர்ட் மோரன்ட் ஆலை 1950களில் மூடியது. வாலையைப் பிற்பாடு உய்ட்ஃப்ளுக்ட் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 2000 வாக்கில் அந்த ஆலையும் மூட, டெமரேரா ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் டைமண்ட் ஆலைக்கு வந்தது. இன்று கயானாவில் பழைய வாலைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. என்மோரின் மரத்தாலான காஃபி வாலையும் (ஏனியஸ் காஃபி என்பவர் பெயரில் வந்த, இடைவிடாமல் வடிக்கும் வாலை) அங்கேதான், வெர்சாய் என்ற தோட்டத்து ஒற்றை மரத்தொட்டி வாலையும் அங்கேதான். நாடு முழுக்க ஆலைகளை மூடி ஒன்றாக்கியபோது இந்த மரத்தொட்டிகளைப் பழைய சாமான் என்று உடைத்துப் போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாதது ரம் உலகத்தின் அதிர்ஷ்டம்.

இதன் ருசியை அடையாளம் காண்பது சுலபம். முதலில் வருவது அதிமதுரமும் சோம்பும். பின்னாலேயே காய்ந்த திராட்சை, பழைய தோல் பை, அப்போதுதான் சீவிய பென்சில், ஓரத்தில் ஒரு உப்புக்கரிப்பு. இவ்வளவு கனமான சரக்கை அந்தக் காலத்தில் தனியாக யாரும் குடித்ததில்லை. மற்ற ரம்களுக்கு உடம்பு கொடுக்கக் கலந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை 31 வரை மாலுமிகளுக்குத் தினமும் கொடுத்த ரம் கலவைக்கு முதுகெலும்பு கயானாச் சரக்குதான்.

ஜமைக்கா வேறு வழி

கனமான ரம் என்றதும் கயானாவையும் ஜமைக்காவையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ருசி வருகிற இடம் வேறு. கயானாவில் மொலாசஸ் ஓரிரு நாளில் புளித்துவிடும், குணத்தைக் கொடுப்பது வாலை. ஜமைக்காவில் குணம் புளிப்பதிலேயே வந்துவிடுகிறது. ட்ரிலானி வட்டாரத்தில் 1753இல் தொடங்கிய ஹாம்ப்டன் ஆலையில் தானாக வந்து விழும் ஈஸ்ட்டை வைத்து வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். வாலையில் மிஞ்சிய கழிவான ‘டண்டர்’, குழியில் அழுகவிட்ட ‘மக்’ என்று நம் மூக்கு சுளிக்கும் சாமான்கள் அதில் சேர்கின்றன. அவற்றில் வளரும் பாக்டீரியாக்கள் அமிலங்களை உண்டாக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர். நாறும் பியூட்டிரிக் அமிலம் எஸ்டராக மாறியதும் அன்னாசிப்பழ வாசனை அடிக்கும். கேட்க நம்பமுடியாததாக இருந்தாலும் வேதியியல் அப்படித்தான்.

எஸ்டரை 100 லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு இத்தனை கிராம் என்று அளக்கிறார்கள். ஹாம்ப்டனின் எச்எல்சிஎஃப் மார்க்கில் 500 முதல் 700 கிராம். உச்சியில் இருக்கும் டிஓகே மார்க்கில் 1500 முதல் 1600, அதாவது ஜமைக்காவில் அனுமதித்த உச்சவரம்பைத் தொடும் அளவு. டிஓகே உண்மையில் குடிப்பதற்காகச் செய்த சரக்கே அல்ல. மிட்டாய், கேக் செய்கிறவர்களுக்கும், ஜெர்மனியில் மலிவான ஆல்கஹாலில் கொஞ்சம் ரம்மைச் சேர்த்து விற்கிறவர்களுக்கும் வாசனைச் சரக்காகப் போனது. இப்போது அதையும் தனியாக அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஒரு தடவை முகர்ந்து பார்க்கலாம். நகப்பூச்சும் அழுகிய அன்னாசியும் சேர்ந்து மூக்கில் ஏறும். அதைத் தாண்டி அதில் இன்பம் காண்கிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம்தான்.

வெயிலில் கிடந்த வருடங்கள்

வடித்து வருகிற ரம்முக்கு நிறம் கிடையாது. அமெரிக்கச் சட்டப்படி பூர்பன் விஸ்கிக்குப் புது ஓக் பீப்பாய்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு முறை பயன்படுத்தியதை அவர்கள் கழித்துவிடுவதால், உள்பக்கம் கருக்கிய சுமார் 200 லிட்டர் பீப்பாய்கள் கரீபியனுக்கு மலிவாக வந்து சேர்கின்றன. நிறம், வனிலா வாசனை, துவர்ப்பு எல்லாம் அந்த மரத்திலிருந்து இறங்குபவை.

பீப்பாய் மூச்சு விடும். உள்ளே இருப்பது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் தேவதைகளின் பங்கு. ஸ்காட்லாந்தின் குளிரில் வருஷத்துக்கு 2 சதவீதம் போகும் என்பது பொதுக்கணக்கு. கரீபியனில் 6 முதல் 8 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம், கணக்குப் போட்டால் தலை சுற்றும். 200 லிட்டர் பீப்பாயை 20 வருஷம் வைத்தால் ஸ்காட்லாந்தில் 133 லிட்டர் மிஞ்சும். ஆண்டுக்கு 7 சதவீதம் போகிற கரீபியன் கிடங்கில் 47 லிட்டர்கூட முழுசாக மிஞ்சாது. 700 மில்லி பாட்டிலில் அடைத்தால் அங்கே 190, இங்கே 66. பழைய ரம் ஏன் இந்த விலை என்று கேட்பவருக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதி ஆசை.

போவதில் தண்ணீர் எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு என்பது காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. வறண்ட கிடங்கில் தண்ணீர் வேகமாகப் போய் வீரியம் ஏறும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் ஆல்கஹால் முந்திக்கொள்வதால் வீரியம் மெல்ல இறங்கும். கயானாக் கடலோரம் வருஷம் முழுக்கப் புழுக்கம். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு ரம் 61.4இல் நிற்கிறது என்றால், பீப்பாய்க்குள் போனபோது அதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

இங்கே வயதுக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. டெமரேரா ரம் எல்லாமே கயானாவில் முதிர்வதில்லை. பெரும்பகுதி சின்ன வயதிலேயே ஐரோப்பாவுக்கு மொத்தமாகப் போய், லிவர்பூலிலும் ஆம்ஸ்டர்டாமிலும் உள்ள வியாபாரிகளிடம் இருந்து, குளிர்ந்த கிடங்குகளில் வயதாகிறது. இரண்டு பாட்டிலிலும் 20 வருஷம் என்று எழுதியிருக்கும். ஒன்று தேன் நிறத்தில் மெலிந்து நிற்கும், வாலையின் குணம் அப்படியே தெரியும். இன்னொன்று காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கும், மரம் முன்னால் வந்து நிற்கும். எது மேல் என்ற சண்டை ரம் பிரியர்களிடையே ஓய்வதே இல்லை. என் கணிப்பில், வெப்பமண்டலத்தில் முதிர்ந்த போர்ட் மோரன்ட் 15 முதல் 18 வருஷத்துக்குள் உச்சிக்கு வந்துவிடுகிறது. 25ஐத் தாண்டினால் பெரும்பாலும் துவர்ப்புதான் மிஞ்சுகிறது. ஐரோப்பாவில் கிடந்தது 25இல்தான் நிதானத்துக்கே வரும். ஆகவே பாட்டிலில் உள்ள வயதை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை, எங்கே கிடந்தது என்று கேட்க வேண்டும்.

எண்ணிலேயே ஏமாற்றும் பாட்டில்களும் உண்டு. கயானா, ஜமைக்கா, பார்படோஸ் ரம்களில் வயது என்றால் கலவையில் இருப்பதிலேயே இளையதன் வயது. மத்திய அமெரிக்கப் பக்கம் சொலேரா முறையில், அதாவது பழைய சரக்கோடு புதியதைத் தொடர்ந்து கலந்துகொண்டே வரும் முறையில், வரும் சில ரம்களில் 23 என்று பெரிதாக எழுதியிருப்பது கலவையின் மிக மூத்த சொட்டைக் குறிக்கலாம். அப்புறம் சர்க்கரை. முதிர்ந்த ரம் ‘வழவழப்பாக’ இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அடைக்கும்போது இனிப்புச் சேர்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதிமுறை லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதிக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டுவதால், ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் லேபிளில் உள்ளதைவிடக் குறைந்த ஆல்கஹாலைக் காட்டும். 40 என்று எழுதிய பாட்டில் 33, 34 காட்டினால் விஷயம் புரிந்துவிடும். பீப்பாய் வீரியத்தில் வரும் ரம்களை நான் மதிப்பதற்கு ஒரு காரணம், பொதுவாக அவற்றில் இந்தக் கைவேலை இருப்பதில்லை.

பழைய ரம்மின் மேல் விழுந்த மோகத்துக்குச் சரியான உதாரணம் டிரினிடாடின் கரோனி. நாட்டின் சர்க்கரைத் தொழிலையே நடத்திவந்த அரசு நிறுவனத்தின் ஆலை அது. 2003இல் நிறுவனம் மூடப்பட்டபோது 9,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். அடுத்த ஆண்டு அங்கே போன இத்தாலிய வியாபாரி லூகா கர்கானோ, கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த பீப்பாய்களை வாங்கினார். தாரும் டீசலும் மணக்கும் அந்தக் கனத்த ரம்மை அவருடைய வெலியர் நிறுவனம் அதிக வீரியத்தில் அடைத்து விற்றது. இன்று அவை ஏலத்தில் போகும் விலைக்கு வாங்குகிறவர்கள் மூடியைத் திறப்பது அபூர்வம். அந்த ஆலையில் உழைத்தவர்களுக்கு இந்த விலையேற்றத்தால் ஒரு காசும் போகவில்லை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

எண்களுக்குப் பின்னால்

இந்திய பாட்டில்களில் 42.8 என்ற விநோத எண்ணுக்குப் பக்கத்தில் ‘75 டிகிரி ப்ரூஃப்’ அல்லது ‘25 யு.பி.’ என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன அளவு அது. அவர்கள் கணக்கில் 57.1 சதவீதம் ஆல்கஹால்தான் 100 ப்ரூஃப். அதில் முக்கால் பங்கு 42.8. நூறுக்கு 25 குறைவு என்பதுதான் 25 யு.பி., அதாவது அண்டர் ப்ரூஃப். அந்த 57.1க்கு ஒரு கதையும் சொல்வார்கள்: வெடிமருந்தில் ரம்மை ஊற்றிப் பற்றவைத்தால் எரிய வேண்டும், எரியாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைக்ஸ் என்பவரின் ஹைட்ரோமீட்டர் வந்து அளவை ஒழுங்காக்கியது. இன்று ‘நேவி ஸ்ட்ரெங்த்’ என்று 57 சதவீதத்தில் விற்கிறார்களே, அது பிற்கால விளம்பரப் பெயர். மாலுமிகளுக்குப் பிற்காலத்தில் வழங்கிய ரம் 95.5 ப்ரூஃப், அதாவது சுமார் 54.5 சதவீதம்.

அதிக வீரியத்தில் அடைப்பதால் ருசிக்கு என்ன லாபம்? வாசனை தரும் கனமான எஸ்டர்கள், கொழுப்பமிலச் சேர்மங்கள் பலவும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, ஆல்கஹாலில் கரைபவை. 46 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் குளிரில் திரவம் கலங்கலாம். கலங்கினால் வாங்குபவர் புகார் சொல்வார் என்று, பல நிறுவனங்கள் முன்கூட்டியே குளிரவைத்து வடிகட்டிவிடுகின்றன. கலங்கலோடு கொஞ்சம் ருசியும் போய்விடுகிறது. 61.4இல் அந்தப் பிரச்சினை எழவே எழாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சனும் ரான் ஃப்ரீட்மனும் கணினி உருவகத்தில் ஒன்றைப் பார்த்தார்கள். விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவாயக்கால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதம்வரை இருக்கும்போது மேற்பரப்பில் வந்து நிற்கிறது. 59ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. விஸ்கிக்காகச் செய்த ஆய்வுதான், ஆனாலும் கருக்கிய ஓக்கில் கிடந்த ரம்முக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். எல்லாமே உள்ளே இருக்கும், வெளியே வராது. தண்ணீர் விடும்போதுதான் வெளியே வரும்.

கிளாஸில்

கிளாஸ் வாய்ப்பக்கம் குறுகியதாக இருக்க வேண்டும். டியூலிப் வடிவக் கிளாஸ் இருந்தால் நல்லது, சின்ன ஒயின் கிளாஸும் போதும். 20 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். கஞ்சத்தனத்துக்காகச் சொல்லவில்லை. 61.4 சதவீத ரம் 20 மில்லியில் சுமார் 12.3 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம்மூர் 42.8 சதவீதச் சரக்கில் ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, அடித்தால் 12.8. கண்ணுக்குத் துளியாகத் தெரிந்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பழக்கதோஷத்தில் ஒரு லார்ஜ் ஊற்றினால் ருசி பார்ப்பது முதல் பத்து நிமிடத்தோடு முடிந்துவிடும்.

ஊற்றிவிட்டு 15, 20 நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். மேலே நிற்கும் காரமான ஆல்கஹால் ஆவி கொஞ்சம் அடங்கும். ‘அறை வெப்பத்தில் குடிக்கவும்’ என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதை மே மாதச் சென்னையில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அறையில் 20 டிகிரி, நம் அறையில் 33. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். ஏசி அறையில் உட்காருங்கள், இல்லாவிட்டால் பாட்டிலைச் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஐஸ் வேண்டாம். வாசனை உறைந்துபோகும், தண்ணீரும் நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் சேரும்.

முகரும்போது மூக்கைக் கிளாஸுக்குள் விடக்கூடாது. கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். வாய் திறந்திருந்தால் எரிச்சல் பாதியாகக் குறையும். கிளாஸின் மேல் விளிம்பில் ஒரு வாசனை, கீழ் விளிம்பில் வேறொரு வாசனை இருக்கும். போர்ட் மோரன்ட்டில் எனக்கு மேல் விளிம்பில் சோம்பும் மரத்தூளும் வரும், கீழே கருப்பட்டியும் திராட்சையும். ஆங்கிலக் குறிப்புகள் சொல்கிற பிளாக்கரண்டையும் ரூபார்பையும் தேடி மெனக்கெட வேண்டாம். நாம் சாப்பிட்டு வளராத பழம் நம் மூக்குக்கு எப்படித் தெரியும்? நாவல்பழம், இலந்தை வடை, புளி, சுக்கு என்று நம் நினைவில் இருப்பதிலிருந்தே தேடலாம்.

முதல் வாய் அரை டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அது ருசிக்காக இல்லை, நாக்கைத் தயார் செய்ய. எரியத்தான் செய்யும். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால்தான் மிளகு வறுவலும் காரக் கடலையும் வைத்துக்கொண்டு இந்த ரம்மைச் சுவைக்க முடியாது. இரண்டு எரிச்சலும் ஒன்றாகி வேறு எதுவுமே தெரியாமல் போகும். சைட் டிஷ் இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: உப்பில்லாத முந்திரி, இல்லையென்றால் வெறும் பிஸ்கட், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாவது வாயை நாக்கில் பரவவிட்டு ஐந்தாறு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள், மூக்கு வழியே மூச்சை விடுங்கள். இங்கேதான் மரவாலை பேச ஆரம்பிக்கும்: எண்ணெய் மாதிரியான கனம், அதிமதுரத்தின் இனிப்பு, ஓரத்தில் கரிப்பு.

இனி தண்ணீர். குளோரின் வாசனை இல்லாத தண்ணீர், அளந்து விட ஒரு டீஸ்பூன். 20 மில்லிக்கு அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி விட்டால் வீரியம் 54.6க்கு இறங்கும். கடற்படை மாலுமிக்குக் கிடைத்த அளவு. இன்னொரு அரை டீஸ்பூனுக்கு 49. மூன்றாவது அரைக்கு 44.7. இடையில் குடித்ததைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறும், அது முக்கியமில்லை. ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து முகர்ந்து பார்ப்பதுதான் முக்கியம். போர்ட் மோரன்ட்டுக்கு எனக்குப் பிடித்த இடம் 49, 50 பக்கம். அதுவரை பதுங்கியிருந்த ஆரஞ்சுத் தோலும் பழமும் மேலே வரும், எரிச்சல் போகும், கனம் போகாது. 45க்குக் கீழே இறக்கினால் மரத்தின் துவர்ப்பு தனியாகப் பிரிந்து நிற்க ஆரம்பிக்கும். மற்ற ரம்களுக்கு இந்த இடம் மாறும். எஸ்டர் மிகுந்த ஜமைக்கா ரம் நிறையத் தண்ணீர் தாங்கும். ரொம்ப வயதான, மரம் ஏறிய ரம்முக்குச் சில சொட்டே அதிகம். ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பின்னால் எடுக்க முடியாது, அதற்குத்தான் அரை டீஸ்பூன் கணக்கு.

விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். நீளத்தைவிட, கடைசியில் எந்த ருசி மிஞ்சுகிறது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். நல்ல மரவாலை ரம்மில் அதிமதுரம் தங்கும். மரம் மிகுந்துபோனதில் கடுக்காய் கடித்தமாதிரி வாய் வறளும். சர்க்கரை சேர்த்ததில் உதட்டில் பிசுபிசுப்பு ஒட்டும். கோக் கலக்கலாமா என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். அவர் காசு, அவர் கலக்கலாம். அதற்கு 40 சதவீத இளம் ரம்மே நன்றாக இருக்கும் என்பதுதான் என் பதில்.

ஒரு முழு பாட்டிலில் பணத்தைப் போடுவதற்கு முன் சின்ன சாம்பிள் கிடைத்தால் வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வருபவர்கள் வீரியத்தைக் கவனிக்க வேண்டும்: 70 சதவீதத்தைத் தாண்டிய மதுவை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. 61.4 அந்த வரம்புக்குள் வருகிறது, சில ஜமைக்கா, கயானா ஓவர்ப்ரூஃப் (100 ப்ரூஃபைத் தாண்டிய) ரம்கள் வராது. திறந்த பாட்டிலை ஒயின் மாதிரி படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும், இந்த வீரியம் கார்க்கை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிட்டால் உள்ளே காற்று அதிகமாகி வாசனை மெலியும். மிச்சத்தைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாத அலமாரியில் வைத்தால் பல மாதம் தாங்கும்.